வளைவுகள் அதிகமுள்ள வழி

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பிறந்தது. உத்வேகம், தரிசனம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, வழிகாட்டிக் கருவி ஒன்றின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். கைப்பிடியில் பொருத்தலாமாம், மழையில் நனையலாமாம், கையுறையோடு தொடலாமாம். போகும் வழியை மூன்று விதமாகக் கேட்கலாம்: வேகமான வழி, குறைந்த தூரம், வளைவுகள் அதிகமுள்ள வழி. வேண்டுமென்றே சுற்றிப் போக ஒரு பொத்தான்! மழை விட்டதும் கையேட்டை வைத்துவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கடைக்காரர் கவனிக்கவில்லை.

2

முதல் வரி: "வாழ்க்கை என்பது ஒரு நெடும்பாதை, அதில் நாம் எல்லோரும்"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

"வானத்துச் செயற்கைக்கோள் அவனைக் கருணையோடு பார்த்தது." பார்க்காது. அது பாட்டுக்குச் சமிக்ஞை அனுப்பும், கருவி கேட்டுக்கொள்ளும். இவன் யாரென்று அதற்குத் தெரியாது.

மூன்றாம் முயற்சி: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு அன்று கல்யாணம். பதிவு அலுவலகத்தில் பன்னிரண்டரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலிருந்து நேராகப் போனால் ஆறு நிமிடம். அவன் பத்தரைக்கே கிளம்பிவிட்டான்.

இது இருக்கட்டும்.

3

அவனுடைய அக்காள் கணவருக்குக் கேப்டன் என்று பெயர். வைத்துக்கொண்டவர் அவரேதான். எந்தப் படையிலும் இருந்ததில்லை. குடிநீர் மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர். அவர் நடத்தும் மோட்டார் சைக்கிள் குழுவில் பன்னிரண்டு வண்டிகள், முப்பத்தொரு விதிகள். முதல் விதி: முன்னால் போகும் வண்டியே தலைமை, எந்த உறுப்பினரும் அதை முந்தக்கூடாது. விதி எழுதிய நாள் முதல் முன்னால் போனவர் அவர் ஒருவர்தான்.

மாப்பிள்ளையைக் குழுவே அணிவகுத்து அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. கேப்டன் தம் புதுக் கருவியை உயிர்ப்பித்து, கையுறை விரலால் வளைவுகள் அதிகமுள்ள வழியை அழுத்தினார்.

"மாமா, நேரா போனா ஆறு நிமிஷம்தான்."

"நேர் ரோட்டுல பால் வண்டிதான் போகும் மாப்ள. பன்னண்டு இருபத்தஞ்சுக்குக் கொண்டுபோய் விடும்னு இதுவே சொல்லுது பாரு. அஞ்சு நிமிஷம் மிச்சம்!"

[இப்படி ஓர் ஆள் இருக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம். மனைவியிடம் கேட்டேன். "இருக்கவே முடியாது" என்றாள். பிறகு என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றாள். ஆகவே கேப்டன் இருக்கிறார்.]

4

அவனாவது தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் கேப்டன். சான்றிதழ்கள் அவருடைய பெட்ரோல் டேங்க் மேலிருந்த பையில். முன்பொரு முறை ஓர் உறுப்பினர் தெரியாமல் முந்தியபோது, கேப்டன் அங்கேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மணப்பெண் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். குழுவின் பயணங்களுக்காக இந்தக் கல்யாணத் தேதி ஏற்கெனவே இரண்டு முறை மாறியிருந்தது. மூன்றாம் முறை மாறினால் மாப்பிள்ளையே மாறிவிடுவார் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம்.

குழுப்படம் எடுக்க மூன்று இடத்தில் நின்றார்கள். பன்னிரண்டு பத்துக்கு அவள் கூப்பிட்டாள். எல்லா ஹெல்மெட்டுகளையும் கேப்டன் புளூடூத்தில் ஒன்றாக இணைத்திருந்ததால், பன்னிரண்டு தலைகளுக்குள்ளும் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம்மா..." என்றான் அவன்.

"இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்றது கருவி.

"யாரு அது?"

"மெஷின்."

"ஓ. அது சொன்னா கேப்பீங்க."

ஏழாவது வண்டியில் வந்த பேக்கரிக்காரர் குறுக்கிட்டார்: "தங்கச்சி, நான் அப்பவே சொன்னேன்..."

"விதி பதினாலு! ஹெல்மெட்டுக்குள்ள வீண்பேச்சு கூடாது" என்றார் கேப்டன்.

"மாமா, அதோ ஆபீஸோட பின்சுவரு தெரியுது!"

"தெரியாம என்ன. இன்னும் பதினேழு வளைவு பாக்கி இருக்கு மாப்ள."

அவனுக்குள் அவமானமும் பாசமும் ஒருசேரப் பொங்கி, இனம்புரியாத ஒரு

[இங்கே உள்மனக் காட்சி ஒன்று வரவேண்டும். ஹெல்மெட் போட்டிருப்பதால் முகம் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

5

பன்னிரண்டே கால். அந்தப் பின்சுவருக்குப் பக்கத்துச் சந்திலிருந்து, கூரைமேல் பயிற்சிப் பலகை மாட்டிய கார் ஒன்று வெளிப்பட்டு, கேப்டனுக்கு முன்னால் சாவகாசமாக ஏறியது. ஓட்டியவள் மணப்பெண். அவள் யாரையும் முந்தவில்லை; குழுவில் உறுப்பினரும் இல்லை.

"மாமா... இப்ப அவதான் முன்னால."

பன்னிரண்டு ஹெல்மெட்டுகளுக்குள்ளும் முதல் விதி ஞாபகம் வந்தது.

"விதின்னா விதி" என்றார் கேப்டன், சொந்த வீட்டை இடிக்கச் சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டவர் குரலில். கருவியை அணைத்தார். பன்னிரண்டு வண்டிகளும் பயிற்சிக் காருக்குப் பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தன.

6

சிவப்பு விளக்கு. வலப்பக்கம் போனால் பதிவு அலுவலகம். இடப்பக்கம் போனால் அவள் அப்பா வீடு. இரண்டும் இரண்டே நிமிடம். மணி பன்னிரண்டு இருபத்து நான்கு.

முடிவு அ: வலப்பக்கம். கேப்டன் உரை நிகழ்த்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு ஆ: இடப்பக்கம். வாசலில் பன்னிரண்டு வண்டிகளைப் பார்த்து, "யாருப்பா நீங்கள்ளாம்?" என்கிறார் அவள் அப்பா.

முடிவு இ: 'பாதை மீண்டும் கணக்கிடப்படுகிறது' என்று கருவி சொல்ல, கதை முடிகிறது. விமர்சகர்கள் கைதட்டுவார்கள். அடித்துவிட்டேன்.

"கண்ணாடியில பாக்கறேன். அத்தனை பேர்ல நீங்க யாருன்னே தெரியல" என்றாள் அவள், இன்னும் துண்டிக்காத போனில்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சாலை நடுவே வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, கேப்டனைத் தாண்டி நடந்தான். விதியில் வண்டி என்றுதான் இருக்கிறது. நடப்பவரைப் பற்றி ஒன்றுமில்லை. கார்க் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கற்றுக்கொடுக்கும்போது வழக்கமாக அவள் உட்காரும் இருக்கை. காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. அதில் கால் படாமல் ஒடுங்கிக்கொண்டான்.

"எந்தப் பக்கம்?" என்றான்.

அவள் சீட் பெல்ட்டைக் காட்டினாள்.

பச்சை விழுந்துவிட்டது. இண்டிகேட்டர் போடாத மாணவர்களைத் தயவுதாட்சண்யமில்லாமல் திருப்பி அனுப்புகிறவள் இன்னும் இண்டிகேட்டர் போடவில்லை. நான் போட்டுவிடலாம். ஆனால் இரண்டு மணி நேரமாக யாரோ சொன்ன பக்கமெல்லாம் திரும்பியவர்களுக்கு, கடைசித் திருப்பத்தையும் நானே சொல்வது நன்றாயிருக்காது. நீங்கள் போடுங்கள். சீக்கிரம். பதினோரு பேர் ஹாரன் அடிக்கிறார்கள்.