நாலு மணி விசாரணை

விசாரணை நாலு மணிக்கு. கடைசி வகுப்பு முடிந்து கால் மணி நேரமாகியும் புகார் கொடுத்த மாணவி கவியாவைக் காணோம். கல்லூரியின் பாலியல் புகார்க் குழுத் தலைவி ஜெயசுதா கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை அந்தப் பெண் வரவில்லை. மூன்றாம் தடவையும் தக்க காரணமில்லாமல் வராவிட்டால் புகாரை முடித்துவிட விதியில் இடமிருக்கிறது. முடித்துவிட்டால், ஆய்வகப் பின்னறையில் கவியாவைக் கதவோடு சேர்த்து நெருக்கிய விரிவுரையாளர் அன்புச்செல்வன் திங்கட்கிழமை அதே ஆய்வகத்துக்கு, அதே சாவியோடு திரும்பி வருவார்.

"எழுதிக் குடுத்துட்டு இப்ப பயப்படுதுங்க அந்தப் பொண்ணு. இன்னைக்கோட முடிச்சிடலாம் மேடம்" என்றார் குழு உறுப்பினர் வெங்கடேசன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்த ஜாதி மனிதர்.

மறைப்பானேன், ஜெயசுதாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். யாரோ மிரட்டியிருப்பார்கள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, மூன்று தடவையும் நாலு மணிக்கே வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தாள். குழுவில் யாருக்கும் வகுப்பு கெடாத நேரம் அதுதான்.

உதவியாளர் பெரியம்மாள் டீ கொண்டுவந்தாள். கவியாவைப் பார்த்தாயா என்று கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னாள்: "பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கினு இருந்துச்சுங்க. நாலு மணிக்கு மலை பஸ்ஸு. அத்த வுட்டா காலைலதான் வூட்டுக்குப் போவணும்."

மலைக்குக் கீழே சங்கராபுரம் டவுன்காரி ஜெயசுதா. நினைத்த நேரத்துக்குப் பஸ் ஏறி வளர்ந்தவள். ஒரே ஒரு பஸ்ஸை நம்பி ஒருத்தி படிப்பாள் என்பது அவள் மூளைக்கு எட்டவேயில்லை. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. மூன்று ஐம்பத்து நாலு. நாசமாய்ப் போக என்று கரும்பைத் திட்டினாள், தன்னையும் சேர்த்து.

பஸ் ஸ்டாண்டில் மலை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜெயசுதா ஏறினாள். ஜன்னலோரம் கவியா. மேடத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"முடிச்சிட்டீங்களா மேடம்?"

"இல்லம்மா. ஏன் வர முடியலன்னு எழுதிக் குடு. ஏன் முன்னாடியே சொல்லல?"

"கடுதாசில நாலு மணின்னு முடிவா போட்டிருந்துச்சு. மாத்துவீங்கன்னு தெரியாது மேடம். பஸ்ஸ வுட்டா அப்பா ஏன்னு கேப்பாரு. சொன்னா காலேஜ நிறுத்திடுவாரு."

"மேடம், ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்று நடத்துநர் விசிலை வாயருகே கொண்டுபோனார்.

"ரெண்டே நிமிஷங்க!"

கவியா மடியில் பையை வைத்து எழுதி நீட்டினாள். ஜெயசுதா நின்றபடியே படித்தாள்.

'நான் பயந்துகொண்டு வராமல் இருக்கவில்லை. நாலு மணிக்கு மலைக்குக் கடைசி பஸ். எந்த நேரம் வர முடியும் என்று குழு என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. காலை பதினோரு மணி என்றால் வருவேன்.'

காய்ச்சல் என்று மாற்றி எழுதச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கோப்பிலும் சிக்கல் வராது, தன் பெயரும் கெடாது. ஆனால் அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதாவுக்கு வெட்கமாக இருந்தது. 'பெற்றுக்கொண்டேன், 3.59' என்று அடியில் கையெழுத்துப் போட்டு, அதை அவளிடம் காட்டிவிட்டு இறங்கினாள்.

பஸ் கிளம்பியது. செல்போன் அடித்தது, வெங்கடேசன்.

"நாலு ஆயிடுச்சு மேடம். முடிச்சிடலாங்களா?"

"காரணம் வந்துடுச்சு சார். தப்பு நம்மளுது. என் கையெழுத்தோட கொண்டாறேன்."