விருந்துக்கு வந்த கேபின்

இடித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பிய மேனேஜர் கேபின், மறுநாள் காலை காண்ட்ராக்டர் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்றது. கண்ணாடிக் கதவில் ஒரு கீறல் இல்லை. ‘தட்டிவிட்டு உள்ளே வரவும்’ ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. காலி செய்யும் கம்பெனிகளின் அலுவலகங்களைப் பழையபடி வெறும் தளமாக்கி ஒப்படைப்பதும், அடுத்து வருகிறவர்களுக்கு அங்கேயே புதுத் தடுப்புகள் எழுப்புவதும் காண்ட்ராக்டரின் தொழில். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். விடைபெறும்போது யாராக இருந்தாலும் “ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். உலகம் அப்படித்தான் நடக்கிறது. அன்று, மேனேஜர் லிஃப்டில் இறங்கிவிட்டதைக் கவனிக்காமல், இடிக்கவேண்டிய காலி கேபினைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அது நம்பிவிட்டது.

வீட்டில் அதை மூன்று முறை இடித்தார். மூன்று முறையும் விடிவதற்குள் திரும்பி வந்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார், பழக்கம் விடுமா? நான்கு வருடத்தில் ஒரு ரிசப்ஷன் மேசை தன் சோபாவையும் கூட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் மீட்டிங் ரூம் வந்து படுக்கையறையை விழுங்கியது. துவைத்த துணி நாற்காலி முதுகுகளில் காய்ந்தது.

“வந்ததைப் போன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. நான் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு,” என்றாள் மனைவி. ஊரில் பாதி மாடிகளைக் காலி செய்து கொடுத்தவர், அவள் காலி செய்த வீட்டை நினைத்துப் பார்க்க முடியாமல் ரிசப்ஷன் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார்.

பெட்டி கட்டி முடித்தவள், மூச்சு வாங்க, கேபினுக்குள் போய் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த ஒயரோடும் சேராத ஏசி தானாக ஓடத் தொடங்கியது. கதவு மெல்ல மூடிக்கொண்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவளுக்கென்று மூடிக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. பெட்டியைப் பிரித்து, புடவைகளை ஃபைல் அலமாரியில் அடுக்கினாள்.

ஒரு மணி நேரம் பொறுத்து அவர் போய்த் தட்டினார்.

“யாரு?”

“நான்தான்.”

“உக்காருங்க, கூப்பிடறேன்.”

அவர் சோபாவில் உட்கார்ந்தார். இன்றும் வேலை முடிந்து வந்தால் அங்கேதான் உட்காருகிறார். பெரும்பாலும் அரை மணிக்குள் கூப்பிட்டுவிடுகிறாள். பேசி முடித்து அவர் எழுந்திருக்கும்போது, “அப்பப்போ வாங்க” என்கிறாள். அவர் தவறாமல் போகிறார்.