பிளக் பிடுங்கிய ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜின் கதவை ஒக்சானா திறந்ததும் உள்ளே விளக்கு எரிந்தது. பேஸ்மெண்டில் இருந்த அந்த ஃப்ரிட்ஜின் பிளக்கை அப்பா பிடுங்கிப் பல வருடம் ஆகிறது.

அதில்தான் தேயிலை வைத்திருந்தார். சீனாவிலிருந்து வரும் பூ-அர், வறட்டி மாதிரித் தட்டித் தாளில் சுற்றிய வட்டுகள். இளஞ்சூடும் ஈரமும் பட்டு வருடக்கணக்கில் பழுக்க வேண்டிய சரக்கு. கனடாவின் வின்னிபெக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று காய்ந்து உதட்டையே பிளந்துவிடும். அதனால் ஓடாத ஃப்ரிட்ஜுக்குள் ஈரம் காக்கும் பொட்டலங்களைப் போட்டு, அடிக்கடி எட்டிப் பார்த்து, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார்.

இப்போது வட்டுகளுக்கு மேல் புகை போட்ட மீன் ஒரு தட்டு. பூண்டு மணக்கும் தொத்திறைச்சி. தாளெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. ஒரு வட்டை எடுத்து முகர்ந்தாள். மீன்தான்.

"ரோமன்! கீழ வா!"

தம்பி கறுப்புக் கோட்டோடு இறங்கி வந்தான். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"யாருடா இதுக்கு பிளக் சொருகினது?"

"நான்தான். ஊரே சாப்பாட்டக் கொண்டாந்து குவிக்குது, மேல வைக்க இடமில்ல. ஏன், ஓடலையா?"

"ஓடுதுடா, அதான் என் வயித்தெரிச்சல்! அப்பாவோட டீ மொத்தமும் போச்சு."

"டீ குளுந்தா கெட்டுப்போகுமாக்கா? இதுக்கா இந்தக் கத்து கத்துற?"

"எந்த வாடை பட்டாலும் இழுத்துக்கும்னு அவர் சொல்லாத நாள் உண்டா? செண்டு போட்டுக்கிட்டுப் பக்கத்துல வந்தாலே விரட்டுவாரு. நீ எங்க காதுல வாங்கின! ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு, அடக்கம் முடிஞ்சதும் டெஸ்மண்டுக்கு இதப் போட்டுக் குடுன்னு. வேற ஒண்ணுமே கேக்கலடா அவரு."

டெஸ்மண்ட் மேலே உட்கார்ந்திருந்தார். வான்கூவர் மழை ஈரத்தில் டீயைப் பழுக்கவைக்கிறவர். "உன் ஊர்ல அது பழுக்காது ஒரெஸ்ட், வைக்கோலாத்தான் ஆகும்" என்று போனில் அப்பாவைச் சீண்டிக்கொண்டே இருந்த சிநேகிதர். குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல விமானம் ஏறி வந்திருந்தார்.

ஒக்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் வீட்டுக்கு மீன் கொண்டு வர வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? மேலே போய் வட்டைக் கத்தியால் நெம்பினாள். இலை மேல் கொதிநீரை ஊற்றி, வடித்த டீயைச் சின்னக் கோப்பையில் டெஸ்மண்டின் முன்னால் வைத்தாள்.

அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு உதட்டில் படாமல் கீழே வைத்தார்.

"பயணக் களைப்பும்மா. அப்புறமா குடிக்கிறேனே."

அந்த மரியாதைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"மீன் நாறுது. வாயத் தொறந்து சொல்லுங்களேன்! எங்கப்பா தோக்கல. இவன் பிளக்கச் சொருகிட்டான், அவ்வளவுதான்."

ரோமன் வந்து டெஸ்மண்டின் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். முகம் கோணியது.

ஒரே இலையில் பத்துத் தடவைக்கு மேல் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மாறுகிற ருசிக்காக அப்பா மத்தியானம் முழுக்க மேஜையில் உட்கார்ந்திருப்பார். ரோமன் முதல் கோப்பையைக் குடித்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு நாள்கூட இரண்டாவதுக்கு இருந்ததில்லை.

இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு ஊத்துக்கா."

அவள் மேஜையில் சிந்தும்படி ஊற்றினாள். குடித்துவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடி ஊற்றினாள். அவனைப் பார்க்கவில்லை, கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

கெட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. ரோமன் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.