இரண்டு எழுத்துக் கட்டளை

'என்', 'எம்' என்று இரண்டு எழுத்தைத் தட்டி எண்டரை அழுத்தினாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. குடிநீர் நிலையத்தில் அவள் ஆபரேட்டர். ஆறு வருடமாகக் காலையில் கைப்பையை ஆணியில் மாட்டியதும் செய்கிற முதல் வேலை இது; அவள் வராத நாளில் மாற்று ஆள் தட்டுவார். தட்டினால் தொட்டிகளின் நீர்மட்டம் வரிசையாக வந்து நிற்கும். மூன்று நாள் விடுப்பில் வெளியூர் போயிருந்தவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் இன்று நேராக வந்திருந்தாள். அவள் போன அன்றே கணினிக்குப் புது இயங்குதளம் போட்டிருந்தார்கள்.

"ஷார்ட்கட் எல்லாம் அழிஞ்சிருக்கும்க்கா," என்றான் கம்ப்யூட்டர்க்காரன். "மட்டம் இப்போ இந்தப் பக்கத்துலயே தெரியுதே. பாருங்க, எல்லாம் பச்சை."

பச்சைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அந்தக் கட்டளையை எழுதிவைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போன பழைய ஆபரேட்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க என்எம் போயிடுச்சு. உள்ள என்ன எழுதியிருந்தீங்க?"

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"எப்போலேர்ந்து இல்ல?"

"மூணு நாளா."

"அப்போ எட்டாம் வால்வை யாரும்மா மூடுறாங்க?"

அவளுக்கு விளங்கவில்லை.

"ஃபில்டர் கழுவுற மருந்து வர்ற வால்வும்மா. விடியக்காலையில டைமர் தொறக்கும், தானா மூடாது, ரிப்பேர். மூடலேன்னா அந்த விஷம் குடிதண்ணித் தொட்டிக்கே போயிடும். எனக்கு மறந்து மறந்து போகுதேன்னு மூடுறதையும் அந்த ரெண்டு எழுத்துக்குள்ளயே சேர்த்துட்டேன். உன்கிட்ட சொல்லணும்னுதான்..."

நீர்மட்டம் பார்ப்பதாக நினைத்து, தினமும் எதை மூடிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஊருக்குப் போற மெயின் லைனை நிறுத்து!" என்று கம்ப்யூட்டர்க்காரனிடம் கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினாள்.

எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்து, இனிச் சுற்றாது என்கிறவரை சுற்றினாள். பக்கத்திலிருந்த மருந்து டிரம்மைத் தட்டினாள். 'டங்' என்று வெற்றுச் சத்தம் வந்தது. ஒரு மாதத்துக்கு வரவேண்டிய மருந்து. கண்ணாடி ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக, அடித்தரையின் ஓடுகளை எண்ணிவிடலாம் போல, அசையாமல் கிடந்தது. வீட்டுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நிறுத்திட்டேன்க்கா. என்னாச்சு?"

கம்ப்யூட்டர்க்காரன் வாசலில் மூச்சிரைக்க நின்றிருந்தான். அவள் முகத்தையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தான். கையில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல், உதட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.