முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை

மூச்சு விடுவதற்கு ஒருத்தி பாடம் சொல்ல வருகிறாள் என்றதும் அரசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது.

பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவர். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பெரிய செட்டியார் வீட்டுக்குக் காவல். அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சாயங்காலம் முன்கதவைப் பூட்டி, உள்ளேயே நடந்து, முற்றமும் அறைகளுமான ஒவ்வொரு கட்டாகக் கதவடைத்துப் பின்வாசலையும் பூட்ட வேண்டும். நாள்பட்ட நெஞ்சுச்சளி அவரைப் பாதி வழியில் நிறுத்தியது. மதராசிலிருக்கும் வீட்டுக்காரி தேனம்மை ஆச்சி, மாசி மாதம் நேரில் வந்து பார்த்து, முடியாவிட்டால் வேறு ஆள் போடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். வேலை போனால் படுக்கிற அறையும் போகும்.

பழைய பட்டாளத்துக்காரர்களை அவரவர் இருக்கிற இடத்திலேயே போய்ப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பிய நர்ஸ் ஆசியா பீவி, காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"மலையே ஏறுனவன் நான். எனக்கு மூச்சு விடத் தெரியாதுன்னா வந்திருக்க?"

"ஏறியிருப்பீகண்ணே. இப்ப நடந்து காட்டுங்க."

அரசப்பன் பட்டாளத்து பெல்ட்டை இறுக்கினார். வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக நடந்தார். முதல் முற்றத்துத் தூணிலேயே சாய்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"பட்டாளத்துல மொத நாளே உதைச்சுச் சொல்லிக் குடுத்த நடை."

"வயித்தக் கட்டிப்பிட்டு நெஞ்ச மட்டும் தூக்குனா காத்து எங்குட்டு எறங்கும்? பெல்ட்டக் கழட்டுங்க."

"தொந்தியத் தள்ளிக்கிட்டுப் போனா எந்தத் திருடன் பயப்படுவான்?"

"தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவருக்குப் பயந்துருவானாக்கும்."

பெல்ட்டைக் கழட்டினார். ஆசியா அவர் கையை எடுத்து அவர் வயிற்றிலேயே வைத்தாள். மூச்சு இழுக்கும்போது கை மேலே வர வேண்டும். விடும்போது, சாம்பல் பறக்காமல் அடுப்புக் கங்கை ஊதுகிற மாதிரி, உதட்டைக் குவித்து மெதுவாக.

அவர் நம்பவில்லை. அவள் போன பிறகு, யாரும் பார்க்காத பின்கட்டில் செய்து பார்த்தார். அடுத்த வாரம் அவள் வந்தபோது, ஒன்றும் செய்யவில்லை என்று பொய் சொன்னார்.

"அப்ப எப்படிண்ணே நடுவுல மூச்சு வாங்காமப் பேசுறீக?"

அதற்குப் பிறகு வாராவாரம் அந்த வீட்டையே பாதையாக வைத்துப் பழக்கினாள். எங்கே நிற்பது, எந்தக் கதவை உட்கார்ந்து பூட்டுவது என்று அவருக்கென்றே பார்த்துச் சொன்னாள். மூச்சு முட்டிய பிறகு நிற்கக் கூடாது, முட்டுவதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும். நிற்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. நின்றால் தோற்றுப்போனதாக எண்ணுகிற ஆள். பீடியை விடுவதற்குள் இரண்டு முறை சண்டை போட்டார்.

மாசியில் ஆச்சி வந்தாள். சாவிக்கொத்தோடு அரசப்பன் முன்கதவைப் பூட்டி நடந்தார். ஆச்சி பின்னாலேயே போனாள். முற்றத்து ஓரம் நின்று, உதட்டைக் குவித்து ஊதினார்.

"என்ன, முடியலையா?"

"நிக்கிறேன் ஆச்சி. பொறவு போவேன்."

போனார். அடுத்த கட்டுக்குப் போனதும் உட்கார்ந்தார். ஆச்சி வாயைத் திறக்குமுன் எழுந்துவிட்டார். பின்வாசல் பூட்டு கிளிக்கென்றது.

"இருமல் போகலையே?"

"போகாதாம். நர்ஸே சொல்லிருச்சு. ஆனா வீட்டப் பூட்டிருவேன்."

ஆச்சி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "அப்பச் சரி, நீகளே இருங்க. திரும்ப முன்வாசல் வரைக்கும் நடந்துருவீகளா?"

"நடந்துருவேன். நீங்க முன்னால போங்க ஆச்சி. என் நடைக்குக் காத்திருந்தா முன்கட்டுல வச்சிருக்க ஒங்க காப்பி ஆறிப் போகும்."