கேட்கத் தெரியாத கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலில், பம்பாயின் தாராவிச் சந்துகளில் டாக்டர் விசாலாக்ஷிக்கு இருந்த பெயர், மாட்டுங்காவில் அவள் குடியிருந்த கட்டிடத்தில்கூடக் கிடையாது. கைராசிக்காரி! பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் ஒருத்தரும் போகமாட்டார்கள். மறுநாளும் அவள் டிஸ்பென்சரி வாசலில்தான் நிற்பார்கள்.

சொர்ணம்மாளும் அப்படித்தான் நின்றாள். இடுப்பில் மூன்று வயது நெல்லையப்பன், மூச்சு விசிலடித்தது. சளி மருந்துக்குக் குணமாகாததால், முந்தின நாள்தான் விசாலாக்ஷி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியிருந்தாள்.

"ஏன் போகலை?"

"அங்கன இந்தியில கேப்பாவ, நான் என்னத்தச் சொல்ல? ஒங்க கை பட்டாப் போதும் டாக்டரம்மா."

விசாலாக்ஷிக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்ஸி பிடித்துத் தானே கூட்டிப்போனாள். அங்கே குழந்தை வைத்தியம் தனியாகப் படித்த ஒரு சின்னப்பெண், நெஞ்சின் இரண்டு பக்கமும் குழல் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: விளையாடும்போது திடீரென்று புரையேறியதா? விசாலாக்ஷி தமிழில் கேட்டுச் சொன்னாள். ஆமாம், பல்லாங்குழி ஆடிய புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டானாம்! மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் சிக்கியிருந்த கொட்டையை எடுத்தார்கள். பிழைத்தான்.

அந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை வருஷ அனுபவம் சளி மருந்தைத்தானே எழுதச் சொன்னது! அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. வைத்தியம் நன்றாகத் தெரிந்தவர்களிடம் இந்த ஜனங்கள் போகமாட்டார்கள் என்றால், அவர்கள் நம்பி வருகிறவளுக்குத் தெரிந்துதானே ஆகவேண்டும்?

குழந்தை வைத்திய டிப்ளமோவுக்கு மனுப் போட்டாள். இடம் கிடைத்தது. பகலெல்லாம் வகுப்பு. ஆனால் பகலில் டிஸ்பென்சரியைப் பூட்டினால் இவர்கள் கதி? சேருவதா விடுவதா என்று தூக்கமில்லாமல் தவித்தாள். கடைசியில் சொர்ணம்மாளிடமே சொல்லிவிட்டாள்.

"உன் பிள்ளையைக் காப்பாத்தினது நான் இல்லைம்மா, அந்தப் பொண்ணு. எனக்குத் தெரியலை. படிக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா சாயங்காலம்தான் இங்கே திறக்க முடியும்."

"தூக்கிட்டுப் போனது நீங்கல்லா! எங்கன படிக்கப் போறிய?"

"அதே ஆஸ்பத்திரியிலதான்."

"நீங்க அங்கன இருப்பியள்லா? பெறவு எங்களுக்கென்ன, வந்திருதோம்."

இது தனக்குத் தோன்றவே இல்லையே! விசாலாக்ஷி அவள் இடுப்பிலிருந்த நெல்லையப்பனை வாரியெடுத்து முத்தமிட்டாள்.

முதல்நாள் வகுப்புக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் பாதித் தாராவி பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தது.