மாமனாரின் முன்பல்

என் வீட்டுக்காரர் சிலை செய்யப் படித்தவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் அப்பாவுக்கு ஒரே பாட்டுத்தான். "களிமண்ணைப் பிசைஞ்சா வயிறு நிறைஞ்சிடுமா மாப்பிள்ளை?" இவர் பதில் பேசாமல் நின்று கேட்டுக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வீட்டு வாடகை என் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பழகச் சேர்ந்தார். மெழுகில் ஈறு வளைத்துப் பல் பதிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தும் பல் பேச்சேதான். மனுஷன் இவ்வளவு பேசுவாரா என்று அசந்துபோனேன். மாதாமாதம் சம்பளமும் வந்தது. ஒரு முழு செட்டைத் தனியாகச் செய்துகாட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளியம்மா சொன்னார்.

அதற்கென்று வந்த வாய் அச்சு என் அப்பாவுடையது. பற்களெல்லாம் ஆட்டம் கண்டு, ஓரிரு மாதம் முன்புதான் அத்தனையையும் பிடுங்கியிருந்தார். வேறு வாயே கிடைக்கவில்லையா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இவர் செய்துவைத்ததில் ஒரு முன்பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி நின்றது.

"எல்லாம் நேரா இருக்கணும்னுதானே கேட்டிருக்காங்க?" என்றார் முதலாளியம்மா.

"நேரா வெச்சும் பாத்தேம்மா. யாரோ மாதிரி இருந்துது."

"சரி, மெழுகுலதானே இருக்கு. போட்டுப் பாக்கட்டும். அவருக்குப் பிடிக்கலேன்னா நிரந்தரம்ங்கிற பேச்சை எடுக்காதீங்க."

பல் டாக்டரின் அறையில் முதலாளியம்மாவும் நாங்களும் சுற்றி நிற்க, அப்பா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வேலையும் போனால் இவர் பழையபடி வாயடைத்துப் போவாரே என்று பயந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்பாடா, இவர்தான். ரெண்டு மாசமா வேற யாரோடயோ குடித்தனம் நடத்தின மாதிரி இருந்துது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "பழைய போட்டோ ஏதாவது குடுத்தியா?"

"போட்டோ எதுக்கு மாமா?" என்றார் இவர். "நீங்க திட்டும்போதெல்லாம் உங்க வாயைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"மெழுகு மாமா, கழண்டுடும். வாயை மூடுங்க."

இத்தனை வருடத்தில் இவர் அப்பாவிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பாவும் மறுபேச்சில்லாமல் மூடிக்கொண்டார்.